பெயர் அறியாத வலி

மலாக்கா நகரின் வடமேற்கே, கடலையொட்டி நீண்டு கிடக்கும் பழைய குடியிருப்பு தெங்கேரா. போர்த்துகீசியர் காலத்து அரணைக் குறித்த சொல்லே திரிந்து அவ்விடத்தின் பெயராயிற்று என்பர். அங்கு வாழும் தமிழாசிரியை ஒருவருக்கு 46ஆம் வயதில் வலது முழங்கையின் வெளிப்புறத்தில் வலி கண்டது. வெண்பலகையின் மேல்வரியில் எழுதக் கையை உயர்த்தும்போது சுருக்கென்றது. ஈரத்துணியைப் பிழிய இயலவில்லை. தேநீர்க் குவளையைத் தூக்கும்போது பிடி தளர்ந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, "இது டென்னிஸ் எல்போ" என்றார். வாழ்நாளில் டென்னிஸ் மட்டையைத் தொட்டறியாத ஆசிரியைக்கு வலியையும் மீறிச் சிரிப்பு வந்தது.

இப்பெயர் பலரையும் ஏமாற்றும். இந்நோய்க்கு ஆளாவோருள் பெரும்பாலோர் அவ்விளையாட்டை ஆடாதவர்களே. 1873இல் ரூங்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் இதனை முதன்முதலில் விவரித்தபோது, எழுதுவோர்க்கு உண்டாகும் கைநோயோடு தொடர்புபடுத்தியே விவரித்தார். 1882இல்தான் ஹென்றி மோரிஸ் என்பவர் டென்னிஸைச் சேர்த்துப் பெயரிட்டார். ஆகவே இந்நோயின்மீது முதல் உரிமை விளையாட்டு வீரருக்கு அன்று, எழுதுகோல் பிடிப்பவருக்கே உண்டு!

மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும் தசைகள், முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தசைநாணாக வந்து பொருந்துகின்றன. ஒரு பொருளை இறுகப் பற்றும் ஒவ்வொரு முறையும் அந்நாண் இழுபடுகிறது. பல்லாண்டுகள் ஓயாமல் இழுபட்டால் அதன் இழைகள் சிதைந்து, செம்மையாகக் கூடாமல் நின்றுவிடுகின்றன. வீக்கமே இதற்குக் காரணம் என்று முன்னர்க் கருதினர். நாட்பட்ட நோயில் வீக்கத்தைவிட இச்சிதைவே மிகுதி என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கரை 2004 ஆகஸ்டில் இவ்வலி பிடித்தபோது இந்திய நாடே அந்த இடது முழங்கையைப் பற்றிப் பேசியது. அவர் ஆட்டங்கள் பலவற்றை இழந்தார். 2005 மே மாதம் இலண்டனில் அறுவை செய்துகொண்டார். அவ்வாண்டு டிசம்பரில் தில்லியில் தம் 35ஆவது டெஸ்ட் சதத்தை அடித்தார். ஓய்வெடுக்க அவருக்கு மாதங்கள் கிடைத்தன.

ஆசிரியையின் தாய்க்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. அவர் மலாக்காத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் 1896இல் டான் சாய் யான் என்பவரால் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் உருவானது என்பதை மாணவர்கள் அறிவர். அம்மண்ணில் எத்தனை முழங்கைகள் தேய்ந்தன என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரைக்குச் சென்று, நாளொன்றுக்கு 400, 500 மரங்களில் பட்டையைச் சீவவேண்டும். ஒவ்வொரு மரத்திலும் கத்தியை இறுகப் பிடித்து மணிக்கட்டை ஒரே முறையில் இழுக்கவேண்டும். பிறகு பால் வாளிகளைத் தூக்கவேண்டும். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. தோட்டத்து டிரஸ்ஸர் தைலம் கொடுப்பார். தாய் அதைத் தேய்த்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு மறுநாளும் பிரட்டில் நிற்பார்.

மகளுக்கோ மருத்துவமனையில் இயன்முறைச் சிகிச்சை வாய்த்தது. அவர் ஊசி கேட்டார். சிகிச்சையாளர் அவசரம் வேண்டாம் என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் முந்தினர். ஆனால் அவர்களுள் நூற்றுக்கு 72 பேருக்கு வலி மீண்டும் வந்தது. இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்கள் மெல்லத் தேறினாலும் அந்நலம் நிலைத்தது. சும்மா பொறுத்திருந்தவர்களிலும் பெரும்பாலோர் ஓராண்டில் குணமடைந்தனர் என்பதையும் மறைக்கலாகாது.

பயிற்சி எளியது, பொறுமைதான் அரியது. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே விடவேண்டும். சிறு தண்ணீர்ப் புட்டியைப் பற்றி, மற்றக் கையின் துணையால் மணிக்கட்டை உயர்த்தி, பின் நோயுற்ற கையால் மட்டும் மெல்ல, மிக மெல்ல இறக்கவேண்டும். இந்த இறக்கத்தில்தான் நாண் வலுப்பெறுகிறது. சிறிது வலிக்கலாம், மறுநாளும் வலி மிகுந்திருந்தால் பளுவைக் குறைக்கவேண்டும். பை தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருப்பது நல்லது. விரல்கள் மரத்தாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ அது வேறு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தொழிலாளர்க்கான சொக்சோ நிறுவனம் 2014இல் மலாக்காவிலேயே பெரிய மறுவாழ்வு மையமொன்றைத் திறந்தது. தாய் கத்தியைக் கீழே வைத்துப் பல்லாண்டுகள் கழிந்தபின் திறந்த கதவு அது.

மூன்றாம் மாதம் ஆசிரியை மேல்வரியில் எழுதலானார். பயிற்சிக்கென ரப்பர்க் கோல் ஒன்றும் வாங்கியிருந்தார். இரு கைகளாலும் அதை முறுக்கி, நோயுற்ற மணிக்கட்டை மெல்லத் தளரவிடவேண்டும். ஒரு மாலை தாய் அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வலிக்குப் பேரெல்லாம் இருக்காம்மா?" என்றார். மகள் பெயரைச் சொன்னார்.

"எனக்கும் அதேதான். வயசாயிடுச்சு, கை அப்படித்தான்னு இருந்துட்டேன்."

மகள் கோலைத் தாயின் கையில் கொடுத்து, பிடிக்கும் முறையைக் காட்டினார். தாய் உடனே முறுக்கவில்லை. முதலில் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.