ஊசி வாங்கப் போறேன்

மயிலாப்பூர் மாமா வீட்டுப் பரண்லேர்ந்து ரெண்டு கட்டு இசைத்தட்டு வந்திருக்கு.
ஒண்ணு எல்பி.
இன்னொண்ணு 78. ஜி.என்.பி., 1945 மீரா படத்து எம்.எஸ்.!

ராத்திரி ஒரு மணி. கார்ட்ரிட்ஜ் தேடிட்டிருக்கேன்.

எல்பி பள்ளத்துக்கு ஊசி முனை 1 மில் போதும்.
78க்கு 3 மில் வேணும். பொடி ஊசிய வெச்சா அது அடி மண்ணைத்தான் உரசும். ஜி.என்.பி.யோட பிருகா போய், கரகரப்பு மட்டும் மிஞ்சும்.

ஆடியோ டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ்ல உடம்பு ஒண்ணு, ஊசிய மட்டும் கழட்டி மாட்டலாம். எல்பிக்கு 2 கிராம் அழுத்தம், 78க்கு 5 கிராம்.

அடையார் நண்பர் ஒருத்தர், "மூவிங் காயில் வாங்குப்பா, அதான் சங்கீதம்"ங்கறார்.
அதுல பலதும் அரை மில்லிவோல்ட்கூடத் தராது. தனி ப்ரீஆம்ப் வேணும். ஊசி தேஞ்சா மொத்தமா மாத்தணும்.
சார், நான் தி.நகர்ல வாடகைக்கு இருக்கேன்.

மார்கழில சபா சபாவா ஓசி கச்சேரி தேடி அலையற ஆள், ஊசிக்குக் காசு எண்றேன். வீட்டுல பாக்கற பார்வை இருக்கே…

அது கெடக்கட்டும். தட்டெல்லாம் ஒரே புழுதி. ஸ்பிரிட் பட்டா 78ஓட ஷெல்லாக் கரைஞ்சிடும்.
நீங்கல்லாம் 78ஐ எதால துடைக்கறீங்க?