எழுபத்து நான்காம் எண்

போன வருடம் செப்டம்பரிலும் அக்டோபரிலும் கடற்கரைச் சாலையில் என்னைக் காணோமே என்று நடைப்பயிற்சி நண்பர்கள் கேட்டார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தேன், அமெரிக்காவில் ஓஹயோ மாநிலம், சின்சினாட்டிக்குப் பக்கத்தில். நயாகரா பார்த்தீர்களா, நியூயார்க் போனீர்களா என்பது அடுத்த கேள்வி. இரண்டும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் ராத்திரி ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பேரன் ஆடும் ஃபுட்பால் பார்த்தேன். அவ்வளவுதான் என் அமெரிக்கப் பயணம்.

ஃபுட்பால் என்றதும் நாம் நினைப்பது வேறு. நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ஃபுட்' என்றால் காலால் உதைப்பது. பந்தைக் கையால் தொட்டால் முசே காதைத் திருகிவிடுவார். இவர்கள் ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. முட்டை மாதிரி ஒரு பந்து. கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அமுக்குகிறார்கள். முதல் இரண்டு ஆட்டங்கள் எனக்குக் கலவரம் மாதிரிதான் தெரிந்தன.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் சொல்ல வந்தது புரியாது. ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பின்னால் நின்று பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிற பையனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். பேப்பரில் படம் வருவது அவனுக்குத்தான். அவனுக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டு, இரண்டு ஓரங்களிலும் டாக்கிள். பாய்ந்து வருகிற எதிராளிகள் குவார்ட்டர்பேக்கை நெருங்காமல் மறிப்பது இவர்கள் வேலை. சென்டர் பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் கொடுப்பதோடு சரி. மற்ற நால்வர் பந்தைத் தொடுவதே அபூர்வம். பந்தை எறிவதற்குள் குவார்ட்டர்பேக்கை வீழ்த்திவிட்டால் அதற்குச் 'சாக்' என்று பெயர். இழந்த கெஜம் இழந்ததுதான், சில சமயம் எலும்பும் போகும்.

என் பேரன் இடது ஓரத்து டாக்கிள். வயது 16, எடை 110 கிலோ, சட்டை எண் 74. அவன் அம்மா ஒரு காலத்தில் ஒரு இட்லிக்கு மேல் சாப்பிடமாட்டேன் என்று என் மனைவியை அழவைத்தவள். இன்று மகனுக்கு ஒரு வேளைக்கு எட்டு தோசை வார்த்துப் போடுகிறாள்.

இடது ஓரம் பொறுப்பான இடம். வலக்கைக்காரன் எறிவதற்கு உடம்பைத் திருப்பும்போது இடப்பக்கம் அவன் கண்ணில் படாது. 1985 நவம்பரில் வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனை, நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் சாய்த்ததில் கால் எலும்பு முறிந்து, அவர் ஆட்டவாழ்க்கையே அன்றோடு முடிந்தது. ராத்திரி ஆட்டம், நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. வாஷிங்டனின் வழக்கமான இடது டாக்கிள் ஜோ ஜேகபி காயம் காரணமாக அன்று இறங்கவில்லை. மாப்பிள்ளை இதைச் சொன்னபிறகு, பேரன் குனிந்து நிற்கும்போதெல்லாம் என் வயிற்றைக் கலக்கியது.

நான் சொல்லவந்த ஆட்டம் செப்டம்பர் கடைசியில் நடந்தது. அன்று இவர்கள் குவார்ட்டர்பேக் ஐந்து முறை சாக் ஆனான். மூன்றாவது முறைக்குப் பிறகு எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, 74 என்ன தூங்குகிறானா என்று கத்த ஆரம்பித்தார். நாலாவதற்கு இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். மகள் முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் திரும்பி ஏதாவது கேட்கவேண்டும் போல் இருந்தது. என் ஆங்கிலம் அவசரத்துக்கு வராது, வந்தாலும் பாதி பிரெஞ்சாக வரும்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தேன். எனக்குச் சின்ன வயதில் எண்ணச் சொல்லிக்கொடுத்தது பிரெஞ்சில். இன்றைக்கும் மளிகைக் கடையில் சில்லறை எண்ணினால் உதடு தானாக ஆன், தே, த்ருவா என்றுதான் போகும். மைதானத்தில் பொழுது போகாமல் பந்து கைக்கு வந்த நொடியிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். மற்ற அணியின் பையன் 'தே' சொல்லி முடிப்பதற்குள், மிஞ்சினால் 'த்ருவா'வில், பந்தை எறிந்துவிடுகிறான். நம் பையன் 'கத்ர்' தாண்டியும் கையில் வைத்துக்கொண்டு இங்குமங்கும் பார்க்கிறான். பிறகு விழுகிறான். பிறகு 74 தூங்குகிறான்.

வீட்டுக்கு வந்து பேரன் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் போகமாட்டேன், வேறு யாராவது நிற்கட்டும் என்றான். நான் எண்ணிய கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தான். பிறகு சாப்பாட்டு மேசையிலேயே உப்பு, மிளகுக் குப்பிகளை வைத்துப் பாடம் நடத்த ஆரம்பித்தான்.

"தாத்தா, எனக்கு முதுகுல கண்ணு கிடையாது. அவன் எங்க நிக்கிறான்னு எனக்குத் தெரியாது. ஏழெட்டு கெஜம் பின்னால நிப்பான்னு நம்பித்தான் நான் தடுக்கிறேன்."

உப்புக் குப்பி குவார்ட்டர்பேக். ஓரத்தில் பாய்கிறவன் வேகமானவன், அவனை நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆகவே டாக்கிள் அவனைத் தள்ளிக்கொண்டே வெளிவட்டமாகப் பின்னுக்குக் கொண்டுபோவான். குவார்ட்டர்பேக் தன் இடத்தில் நின்று, நெருக்கம் தெரிந்ததும் ஓர் அடி முன்னே ஏறினால், பாய்ந்தவன் அவன் முதுகுக்குப் பின்னால் வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். அதே குவார்ட்டர்பேக் பயந்து பத்து, பதினோரு கெஜம் பின்வாங்கினால்? டாக்கிள் தள்ளிக்கொண்டு போன ஆள் நேரே அவன் மடியில் போய் விழுவான். டாக்கிள் தன் வேலையைச் சரியாகச் செய்ததனாலேயே சாக். உப்புக் குப்பியைப் பின்னுக்கு நகர்த்திக் காட்டினான். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அப்ப எப்பவும் அவன் தப்புதானா?" என்று கேட்டேன். இல்லை என்றான். நடுவில் நிற்கும் மூவர் பின்னுக்குத் தள்ளப்பட்டால் முன்னே ஏற இடமே இருக்காது, அவன் பின்வாங்கத்தான் வேண்டும். எதிரணி ஐந்துக்கு ஆறு பேரை அனுப்பினால் ஒருவன் சும்மா உள்ளே வருவான். பின்னால் நிற்கும் ஓட்டக்காரன் அவனை மறிக்க வேண்டும், இல்லையென்றால் குவார்ட்டர்பேக் முன்கூட்டியே பார்த்துச் சட்டென்று கிட்டத்தில் எறிந்துவிட வேண்டும். யார் யாரைத் தடுப்பது என்பதைப் பந்து கிளம்பும் முன் சென்டரும் குவார்ட்டர்பேக்கும் கூவிச் சொல்கிறார்கள். அது தப்பானால் ஐந்து பேரும் தப்பு.

இதில் எனக்கு ஆர்வம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளையோடு உட்கார்ந்து பெரியவர்கள் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் எனக்காகத் தேடி எடுத்துக் காட்டிய கணக்கு ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டு பஃபலோ பில்ஸ் அணிக்கு இரண்டு குவார்ட்டர்பேக்குகள் மாறி மாறி ஆடினார்கள். ராப் ஜான்சன் உயரமானவர், நல்ல கை. டக் ஃப்ளூட்டி அந்த ஆட்டத்துக்கு ரொம்பக் குட்டை. ஜான்சன் எறிந்தது 306 தடவை, சாக் ஆனது 49. ஃப்ளூட்டி எறிந்தது 231 தடவை, சாக் 10. ஒரே வருடம், ஒரே அணி. முன்னால் நின்றவர்கள் ஜான்சனுக்கு ஒரு மாதிரியும் ஃப்ளூட்டிக்கு ஒரு மாதிரியுமா மறித்திருப்பார்கள்? இந்தக் கணக்கைப் பின்வரிசைக்காரரிடம் காட்டவேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டேன். காட்டவில்லை.

மாப்பிள்ளை நியாயஸ்தர். உடனே மறுபக்கத்தையும் எடுத்து வைத்தார். 2021 பிப்ரவரி சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் கான்சஸ் சிட்டி அணியின் இரண்டு டாக்கிள்களும் காயத்தில் வெளியே. பேட்ரிக் மஹோம்ஸ் ராத்திரி முழுக்க உயிருக்கு ஓடினார். தோற்றது 31க்கு 9. ஆனால் சாக் மூன்றுதான்! ஓடத் தெரிந்தவன் என்பதால் முன்வரிசையின் ஓட்டை கணக்கில் ஏறவில்லை. அணிக்காரர்கள் அந்தக் கணக்கை நம்பி உட்காரவில்லை, முன்வரிசையையே மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து அதே இறுதி ஆட்டத்தில், அந்தப் பருவத்தில் 70 சாக் எடுத்திருந்த ஃபிலடெல்பியாவால் மஹோம்ஸை ஒரு முறைகூட வீழ்த்த முடியவில்லை.

சின்சினாட்டியில் முடிதிருத்தும் கடைக்குப் போனாலும் இந்தப் பேச்சுதான். அவர்கள் ஊர் ஜோ பர்ரோ, முதல் வருடமே முழங்கால் காயம் பட்டவர். 2021இல் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தபோது, அவரைக் காக்க ஒரு டாக்கிளை எடுப்பதா, பந்தைப் பிடிக்க ஜமார் சேஸை எடுப்பதா என்று ஊரே இரண்டுபட்டது. சேஸை எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் பர்ரோ 51 முறை சாக் ஆனார். அதற்குமேல் டென்னசியோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை விழுந்து எழுந்து, 19க்கு 16 என்று ஜெயித்தார். கடைசியில் இறுதி ஆட்டத்தில் ஏழு சாக், மூன்று புள்ளியில் தோல்வி. முன்வரிசை மோசம் என்று ஒரு கட்சி. தூரத்து வீச்சுக்காகப் பந்தைப் பிடித்துவைத்திருக்கிறான் என்று ஒரு கட்சி. கத்தரி என் காதருகே இருந்ததால் நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

மேசையில் உப்புக் குப்பி நகர்ந்த அந்த ராத்திரிக்கு வருகிறேன். பேரனுக்கு அன்று ஒன்று சொன்னேன், பெற்ற மகளுக்குக்கூட அதுவரை சொல்லாதது.

எண்பதுகளின் கடைசியில் நான் யூ.டி.சி. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். நிதியாண்டு முடிவதற்குள் ஒப்புதல் வாங்கிச் செலவிட வேண்டிய ஒரு தொகை. மார்ச் 9ஆம் தேதி குறிப்பெழுதிக் கோப்பை மேலே அனுப்பினேன். அதிகாரி மேசையில் அது மூன்று வாரம் கிடந்தது. இரண்டு முறை நினைவூட்டினேன். 30ஆம் தேதி கையெழுத்தாகி வந்தபோது காலம் கடந்துவிட்டது, தொகை காலாவதி. ஏப்ரலில் மெமோ வந்தது, எனக்கு. கோப்பை உரிய காலத்தில் சமர்ப்பிக்காததற்கு விளக்கம் தருக.

கோப்பு எந்தத் தேதியில் என்னைவிட்டுப் போனது என்பது நகர்வுப் பதிவேட்டில் பதிவாகியிருந்தது, வாங்கிக்கொண்டவர் கையெழுத்தோடு. சூப்பிரண்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "எதிர்த்து எழுதாதேப்பா, மூணு வரியில வருத்தம் தெரிவிச்சிட்டுப் போயிடு" என்றார். அப்படியே எழுதினேன். ஆறு மாதம் இன்கிரிமென்ட் தள்ளிப்போனது. மனைவியிடம் ஏதோ அரியர் கணக்குக் குழப்பம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"ரிஜிஸ்டர் இருந்துச்சே தாத்தா, ஏன் காட்டல?" என்றான் பேரன்.

பதில் சொல்லத் தெரியவில்லை. பயம் என்று சொல்ல எழுபத்து நாலு வயதிலும் கூச்சமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, பயம்தான் என்றேன்.

அவர்களுக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஆட்டம் முழுவதையும் படம் பிடித்து, மறுநாள் காலை பயிற்சியாளர் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவார். சனிக்கிழமை இவன் அந்த ஐந்தையும் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறான். சும்மா இருக்கிற பிள்ளை, எப்படிக் கேட்டானோ. பார்த்ததில் இரண்டு, குவார்ட்டர்பேக் ரொம்பப் பின்வாங்கியது. ஒன்று, ஆறாவது ஆளை யாரும் கவனிக்காதது. ஒன்று, வலது கார்டு சறுக்கியது. ஒன்று சாட்சாத் நம் பேரன்: கால் குறுக்கே போய்த் தடுமாறி, எதிராளி உள்பக்கம் நுழைந்துவிட்டான். குவார்ட்டர்பேக் பையன் முதல் இரண்டில் ஒன்றைத் தன் தவறு என்று ஒப்புக்கொண்டான். இன்னொன்றுக்கு, பந்தைப் பிடிக்கவேண்டியவன் தப்பான பக்கம் ஓடினான் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருந்தானாம். இருக்கட்டும்.

அடுத்த வெள்ளியும் போனோம். பின்வரிசையில் அதே மனிதர்தான். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்; பெரும்பாலும் 'த்ருவா'வுக்குள் பந்து போய்விட்டது. ஆட்டம் தோல்விதான். சாக் இரண்டு. வீட்டுக்கு வந்ததும் பேரன் காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று, "தாத்தா, ரெண்டாவது என்னுது" என்றான். மகள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.