அடைபட்ட சிறுதுளை

அண்ணாகிராமத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையோரம் பழைய புல்லட் வண்டி ஒன்று நிற்கிறது. தந்தையார் ஆசிரியப் பணியில் இருந்த நாளில் வாங்கியது. 1955-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய வகையைச் சேர்ந்தது. அவர் மறைந்தபின் அண்ணன் தம்பி இருவருமாக அதைப் பேணி வருகிறோம். அதன் ஓசை தெருமுனையில் கேட்டால், அவரே வீடு திரும்புவதாக அம்மா இன்றும் தலைநிமிர்ந்து பார்ப்பதுண்டு. ஆகவே அது எங்களுக்கு வெறும் வண்டியன்று.

2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின் மழையாலும் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீராலும் தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் தெருவிலும் வெள்ளம் புகுந்தது. நீர் வடிந்தபோது வண்டி சேற்றில் சாய்ந்து கிடந்தது. தந்தையார் காலத்திலிருந்தே அதைப் பார்த்துவரும் மெக்கானிக் ஒருவர் பண்ருட்டியில் இருக்கிறார். அவர் என்ஜின் ஆயிலை மாற்றி, பிளக்கைத் துடைத்து, கார்புரேட்டரைக் கழுவி ஓட வைத்துத் தந்தார். மூன்று வாரம் நன்றாகவே ஓடியது.

பின்னர் ஒரு விந்தை தொடங்கிற்று. நெடுஞ்சாலையில் குறையின்றிப் பாயும் வண்டி, கடைவீதியில் நின்றவுடன் அணைந்துவிடும். சோக்கைப் போட்டால் இயங்கும், எடுத்தால் அணையும். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கத் தெரியாமற் போயிற்று. நாங்கள் ஆராயவில்லை, தீர்ப்பு வழங்கினோம். "பணத்தை வாங்கிக்கொண்டு அரைகுறை வேலை செய்துவிட்டார்" என்று தேநீர்க் கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னோம்.

அத்துடன் நில்லாமல், நாங்களே கார்புரேட்டரைக் கழற்றினோம். அதில் பெட்ரோல் செல்லும் வழி ஒன்றன்று. அடியில் உள்ள கிண்ணத்தில் மிதவை ஒன்று கிடக்கும். பெட்ரோல் நிறைந்ததும் அது உயர்ந்து ஊசி வால்வை மூடும். அக்கிண்ணத்திலிருந்து முழு வேகத்திற்குப் பெட்ரோல் தருவது மெயின் ஜெட். நடு வேகத்தில் அளவு பார்ப்பது மேலும் கீழும் ஏறியிறங்கும் கூர்ஊசி. ஆக்ஸிலரேட்டரை முறுக்காத வேளையில், வண்டி நின்றபடியே இயங்கப் பெட்ரோல் ஊட்டுவது பைலட் ஜெட். அதன் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு துரும்பு அதை அடைத்தாலும், வேகமாகப் போகும்போது குறை தெரியாது. மற்ற வழிகள் அதை மறைத்துவிடும். நிற்கும்போதுதான் தெரியும். மனிதருக்கும் இது பொருந்தும் அல்லவா?

கிளச் ஒயரின் ஓர் இழையைப் பிரித்தெடுத்து அத்துளையில் விட்டுக் குடைந்தோம். அடைப்பு நீங்கியது, வண்டி நின்றபடி இயங்கியது. வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தோம். ஆனால் சில நாளில் புகை கறுத்தது. பிளக்கில் கரி படிந்தது. பெட்ரோல் கணக்கின்றிச் செலவாயிற்று. அதன்பின் பழைய அடைப்பும் திரும்பி வந்தது. வேறு வழியின்றி, தயங்கித் தயங்கி அந்தப் பட்டறைக்கே வண்டியைத் தள்ளிச் சென்றோம்.

அவர் ஜெட்டை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"கம்பி விட்டீங்களா, தம்பி?"

"ஆமாம், அண்ணே."

"பித்தளை மென்மையானது. இரும்புக் கம்பி பட்டால் துளை பெரிசாயிடும். அப்புறம் அளவு எப்படி நிற்கும்?"

அடுத்து, டேங்க்கில் இருந்ததைக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் வடித்துச் சற்று நேரம் வைத்தார். மேலே பெட்ரோல் தெளிந்து நின்றது. அடியில் நீர் தனியே திரண்டு, அதில் செந்துருப் பொடி படிந்திருந்தது. வெள்ளநீர் டேங்க்கில் தங்கித் துருவேற்றியிருக்கிறது. 2023-இல் விற்பனைக்கு வரத் தொடங்கிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலோ, நீரை எளிதில் ஈர்க்கும் இயல்புடையது. நீர் மிகுந்தால் எத்தனாலும் அதனுடன் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும், மேலிருந்து துரு வந்துகொண்டே இருக்குமல்லவா?

அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. வெள்ளம் வடிந்த அன்றே அவர், "டேங்க்கையும் கழற்றிக் கழுவிடலாம்" என்று சொல்லியிருந்தார். செலவை எண்ணி, "பிறகு பார்க்கலாம்" என்றவர்கள் நாங்கள். அதை அவர் இப்போது நினைவூட்டவில்லை. நாங்கள் தேநீர்க் கடையில் பேசியதும் அவர் காதுக்கு எட்டியிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். அதையும் அவர் சொல்லிக் காட்டவில்லை.

டேங்க்கைக் கழற்றித் துரு போகக் கழுவினார். ரப்பர் வளையங்களை அகற்றிவிட்டு, துளைகளில் கழுவுமருந்தைப் பீய்ச்சி, காற்றுக் குழாயால் ஊதினார். புதிய பைலட் ஜெட் பொருத்தினார். காற்றுத் திருகை முழுவதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து, பிறகு காதால் கேட்டுக் கேட்டுச் சரி செய்தார். வண்டி நின்ற இடத்தில் அமைதியாகத் துடித்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிகளுக்குப்பின், புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை மின்னணுக் கருவி அளந்து செலுத்துகிறது. இப்படிக் காதால் அளவறியும் கைகள் அருகி வருகின்றன.

"அண்ணே, உங்களைப் பற்றித் தவறாகப் பேசிவிட்டோம்" என்றோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி ஓடுதில்ல? போயிட்டு வாங்க" என்றார்.

நேரே தேநீர்க் கடைக்குச் சென்றோம். முன்பு எங்கள் பேச்சைக் கேட்டவர்களில் இருவர்தாம் அங்கிருந்தனர். தவறு எங்களுடையது என்று அவர்களிடம் சொன்னோம். மற்ற இருவரையும் தேடிச் சொல்ல ஒரு வாரமாயிற்று. அவர்கள் வேறு யாரிடம் சொன்னார்களோ, அறியோம். ஜெட்டுக்கு மாற்று ஜெட் கடையில் கிடைத்தது. வாயிலிருந்து போன சொல்லுக்கு மாற்று கிடைக்கவில்லை.