மதுரை வெயிலுக்கு எந்தத் தக்காளி? அன்னஞ்சி சொல்லும் பதில்!

மதுரை மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தை. பொழுது விடிவதற்கு முன்பே தக்காளிப் பெட்டிகள் இறங்கிவிடுகின்றன. ஒரு பக்கம், அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவில், கெட்டித் தோலுடன் இருக்கும் தக்காளி. இதை 'பெங்களூர் தக்காளி', 'ஆப்பிள் தக்காளி' என்கிறார்கள். இன்னொரு பக்கம், கொஞ்சம் தட்டையாக, காம்பைச் சுற்றிப் பச்சை படர்ந்த பழங்கள். அதுதான் 'நாட்டுத் தக்காளி'. "ரசத்துக்கா, கிரேவிக்கா?" என்ற ஒரு கேள்வியிலேயே எதை எடுப்பது என்பது முடிவாகிவிடும்.

வாங்குவதற்கு இது போதும். மொட்டை மாடியிலோ, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சென்ட் இடத்திலோ தக்காளி வளர்க்க நினைப்பவர்களுக்கு இந்தப் பதில் போதாது. மதுரை வெயிலுக்கு எந்த ரகம் தாங்கும்? இதற்குப் பதில் தேடினால், பாதை மேற்கே சுமார் 80 கி.மீ. நீள்கிறது.

பெரியகுளம் போகும் வழியில்...

செக்கானூரணி, உசிலம்பட்டி தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கினால் தேனி. அங்கிருந்து பெரியகுளம் சாலையில் திரும்பினால் வருகிற ஊர், அன்னஞ்சி. பஸ்ஸில் போகிறவர்கள் 'அன்னஞ்சி விலக்கு' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். இதே பெயரில் ஒரு தக்காளியும் இருந்தது என்பது பலருக்கும் தெரியாது.

பெரியகுளத்தில் இருக்கிறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றத்தைத் தூண்டி, அதிலிருந்து தேர்வு செய்து உருவாக்கியதுதான் பி.கே.எம்-1 தக்காளி. பி.கே.எம். என்பது பெரியகுளத்தின் சுருக்கம். வீட்டுக்கு வீடு நிற்கும் பி.கே.எம்-1 முருங்கையும் இதே ஊர்க்காரர்தான்!

தட்டை உருண்டை வடிவம், காம்பருகே பச்சை, பழுத்தால் நல்ல சிவப்பு. செடி கட்டுக்கடங்காமல் படராது. குட்டையாகவே நின்று காய்க்கும். விதைத்து 130 முதல் 135 நாள்களில் பயிர் முடிந்துவிடும். சந்தையில் நாம் 'நாட்டுத் தக்காளி' என்று ஆசையாகக் கேட்டு வாங்குவது பல நேரம் இந்தப் பி.கே.எம்-1 தான். 'நாடு' என்று நினைத்தது கல்லூரியில் பிறந்தது. ஆனால், அதன் தாய் இந்த மண்ணின் ரகம்.

பச்சை இருந்தால் குறையா?

காம்பைச் சுற்றியுள்ள பச்சையை, 'இன்னும் பழுக்கவில்லை' என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. இந்தப் பச்சை இல்லாமல் ஒரே சீராகச் சிவக்கும் தக்காளிகளைத்தான் உலகம் முழுக்கப் பல பத்தாண்டுகளாக ரக ஆய்வாளர்கள் தேடித் தேடி வளர்த்தார்கள். பார்க்க அழகு, எப்போது பறிப்பது என்பதும் சுலபமாகத் தெரியும்.

2012-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொன்னது. காய்க்குப் பச்சையம் சேர்க்கும் ஒரு மரபணு, சீராகச் சிவக்கும் ரகங்களில் வேலை செய்வதில்லை. அது வேலை செய்த பழங்களில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. அழகுக்காக நாம் கொடுத்த விலையில் கொஞ்சம் ருசியும் அடக்கம்.

இரவு வெப்பம்தான் வில்லன்

"செடி நல்லா வளருது, பூவும் பூக்குது, ஆனா காயே பிடிக்கல!" மாடித் தோட்டக்காரர்கள் பலரின் புலம்பல் இது. உரத்தைக் குறை சொல்வதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள்.

தக்காளியின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. பகலில் 35 டிகிரி, இரவில் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதன் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். சித்திரையில் மதுரையில் பகல் வெயில் 40 டிகிரியைத் தொடும். இரவிலும் மாடித் தளம் கொதிக்கும். எந்த ரகமாக இருந்தாலும் அந்த நேரத்தில் திணறும்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் கார்த்திகையில் விதைத்து, 25 நாள் நாற்றை மார்கழியில் நட்டால், குளிர்ந்த இரவுகள் இருக்கும்போதே பூ வந்துவிடும். பங்குனி வெயில் ஏறுவதற்குள் நிறையப் பறித்துவிடலாம். ஆடிப்பட்டத்திலும் விதைக்கலாம். ஆனால், அறுவடை நேரத்தில் அடைமழை வந்தால் பழம் வெடிக்கும், அழுகும்.

ஹைபிரிட் வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டல் வைரஸ் வந்தால், பி.கே.எம்-1 செடிகள் சுருண்டு நின்றுவிடும். பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா ரக்‌ஷக்' வீரிய ஒட்டு ரகம், இலைச்சுருட்டல், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல் மூன்றையும் எதிர்த்து நிற்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ.டி.ஹெச்-2 ரகமும் இலைச்சுருட்டலைத் தாங்கும்.

கடன் வாங்கி ஏக்கர் கணக்கில் நடும் விவசாயிக்கு இது வாழ்வா, சாவா பிரச்னை. 2023 ஜூலையில் விலை தாறுமாறாக ஏறியபோது, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு அரசே தக்காளி விற்றது. வரத்து கூடினால், பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிற காட்சியையும் பார்த்திருக்கிறோம். அய்யலூர், ஒட்டன்சத்திரம் சந்தைகளுக்குப் பெட்டி ஏற்றும் விவசாயி, கூடுதல் மகசூலும் கெட்டித் தோலும் உள்ள ஹைபிரிட்டைத் தேர்ந்தெடுத்தால், அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

வீட்டுத் தோட்டத்தின் கணக்கு வேறு. பழம் லாரி ஏறப்போவதில்லை. மாடியிலிருந்து அடுப்படி வரை தாங்கினால் போதும். இங்கே ருசிக்கே முதல் மார்க்!

விதை யார் கையில்?

இன்னொரு முக்கியமான வித்தியாசம். ஹைபிரிட் பழத்தின் விதையை எடுத்து நட்டால், தாயைப் போலவே பிள்ளை வரும் என்ற உறுதி இல்லை. ஒவ்வொரு முறையும் பாக்கெட் வாங்க வேண்டும். பி.கே.எம்-1 அப்படியல்ல. நோயில்லாத செடியில் நன்கு பழுத்த பழத்தைப் பிழிந்து, சாறும் விதையுமாக ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுங்கள். பிறகு கழுவி, நிழலில் காயவைத்தால், அடுத்த கார்த்திகைக்கு விதை தயார்.

முதன்முறை வளர்ப்பவர்கள் நான்கு பைகளில் பி.கே.எம்-1, இரண்டு பைகளில் நோய் தாங்கும் ஹைபிரிட் என்று தொடங்கலாம். ஒரு பைக்கு ஒரு செடி போதும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி, மாசிக்கு மேல் மதிய வெயிலுக்கு நிழல் வலை. தண்ணீரை ஒருநாள் கொட்டி, இரண்டு நாள் மறந்தால் பழத்தின் அடி கறுக்கும். அளவாக, தவறாமல் ஊற்றுங்கள்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. அங்கே விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார். அடுத்த முறை போகும்போது, காம்பருகே பச்சை படர்ந்த தக்காளியைப் பார்த்தால் ஒதுக்காதீர்கள். "அண்ணே, இது என்ன ரகம்? எந்த மாசம் விதைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். விலைக்குப் பழமும், இலவசமாக ஒரு பாடமும் கிடைக்கும்.