வேன் மேடைக்குச் சன்மைக்கா மாற்றுதல்

ஓடும் வண்டியில் சமையல் மேடையின் சன்மைக்கா மேற்பரப்பில் தேய்ந்து கெடுவது குறைவு. ஓரத்தில்தான் கெடும். தேய்மானத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட தகடு அது. ஃபீனால் பிசினில் ஊறிய பழுப்புக் காகித அடுக்குகளின் மேல், மெலமைன் பிசினில் நனைத்த அச்சுக் காகிதத்தை வைத்து, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் அமுக்கினால் எல்லாம் ஒரே தகடாகிவிடும். 1913இல் ஹெர்பர்ட் ஃபேபரும் டேனியல் ஓகானரும் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஃபார்மைக்கா நிறுவனத்தைத் தொடங்கியபோது, இவ்வகைப் பிசின் அடுக்கு மின்கருவிகளுக்கான காப்புப் பொருள். மெலமைன் சேர்ந்த பிறகு சமையலறைக்கு வந்தது. பிறகு காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளிலும் ஏறியது.

அந்த வண்டிகளில் பலவற்றை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள். அலமாரியும் மேடையும் நின்ற பிறகே வெளித்தகடு போர்த்தப்பட்டது. அதனால் மேடையைக் கழற்றத் திருகாணியைச் சுவருக்கு வெளிப்பக்கம் தேடவேண்டிவரும். சிதம்பரத்தை அடுத்த கீரப்பாளையத்தில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே வேலைக்கு வருவது டிபன் வேன். பாடி முழுதாக இருக்கும் பழைய வேனுக்குள் தச்சர் பின்னால் பொருத்திய மேடை, உள்ளிருந்தே கழன்றுவிடும்.

முதலில் சிலிண்டர் இறங்க வேண்டும், அடுப்பும் சிங்கும் பிறகு. ஓரத்து அலுமினிய பீடிங்கை நெம்பியதும் நோய் தெரிந்துவிடும். கீரப்பாளையத்தில் பார்த்த ஒரு மேடையில் பூவேலைத் தகடு கீறல்கூட விழாமல் பளபளத்தது. சிங்க் வெட்டின் அடியிலோ பிளைவுட் கறுத்து, விரலால் அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. வண்டியின் குலுக்கலில் பீடிங் தளர்கிறது, பாத்திரம் கழுவும் நீர் அந்த இடுக்கில் இறங்குகிறது. சுத்தியால் தட்டிப் பார்த்தால் நல்ல இடம் ‘ணங்’கென்றும் ஊறிய இடம் ‘பொத்’தென்றும் சொல்லும். ஊறியிருந்தால் பலகையையே மாற்றுவதுதான் முறை. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் விலை கூடுதல் என்றாலும் இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது வீண். எந்தப் பலகையானாலும் வெட்டிய விளிம்புக்குப் பூச்சு கொடுக்காவிட்டால் தண்ணீர் குடிக்கும்.

அளவு எடுப்பது செய்தித்தாளில். வண்டியின் சுவர் எங்கும் நேராக இருப்பதில்லை என்பதால் மூலைமட்டம் அதிகம் உதவாது.

தகடு வெட்டும் கத்தி கடையில் கிடைத்தாலும், தச்சர் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய ஆக்ஸா பிளேடு. முனையைக் கிரைண்டரில் கொக்கிபோலத் தேய்த்து, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருப்பார்கள். இரும்பு ஸ்கேலை அண்டி முகப்பில் ஒரே கோட்டில் பலமுறை இழுக்க வேண்டும். முதல் இழுப்பில் கை அழுத்தினால் கோடு விலகும். மெதுவாகத் தொடங்கி, பூவேலை அறுபட்டுப் பழுப்பு அடுக்கு தெரியும்போதுதான் பலம் கொடுப்பார்கள். பிறகு தகட்டை முகப்புப் பக்கமாக மடக்கினால் ‘படக்’கென்று பிரியும். சுற்றிலும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், கூடுதலாக விடுவது வழக்கம். அரத்துக்கு அது வேண்டும்.

ஒட்டுவதற்கு ரப்பர் பசை. பலகையிலும் தகட்டின் முதுகிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்கு உலரவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலையில் கடலூர்ப் பக்கத்துத் தச்சர்கள் இதைத் தொடமாட்டார்கள்: கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், பிடிப்பு போய்விடும். இரண்டு பக்கமும் தொட்டால் நகர்த்த முடியாது. ஆகவே இடையில் ரீப்பர்களைப் பரப்பி, தகட்டை அவற்றின்மேல் வைத்து, நடுவிலிருந்து ஒவ்வொன்றாக உருவுகிறார்கள். மூடிய வேனுக்குள் பசை நெடி தலையைச் சுற்றவைக்கும், தீயும் பற்றும். கதவைத் திறந்து வைப்பதைத் தவிர வேறு பாதுகாப்பைப் பார்க்க முடிவதில்லை.

சிங்க் வெட்டின் உள்மூலை சதுரமாக இருக்கக்கூடாது. வளைத்து வெட்டாவிட்டால் குலுக்கலில் அங்கிருந்தே விரிசல் ஓடும். ஓரத்தில் அரம் கீழ்நோக்கி மட்டுமே போகலாம். மேலே இழுத்தால் தகடு சிதறும்.

கூலிக் கணக்கும் இந்த ஓரத்தில்தான் இடிக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். வீட்டில் பத்தடிக்கு இரண்டடி மேடை என்றால் 20 சதுர அடி, சுற்றளவு 24 அடி. வேனில் ஐந்தடிக்கு ஒன்றரையடி: ஏழரைச் சதுர அடிக்கு 13 அடி ஓரம். நேரத்தைத் தின்பது ஓரம், காசு வருவது பரப்புக்கு. கடைக்காரருக்கோ சேதமில்லை, எட்டுக்கு நாலு முழுத் தகடாகத்தான் விற்கிறார். பசை டப்பாவிலும் தகட்டிலும் தச்சருக்கென்று பரிசுப் புள்ளி வைத்து விற்கும் நிறுவனங்கள் அதை யார் பணத்தில் கொடுக்கின்றன என்பது வேன்காரருக்குத் தெரியாது. கூலியை நேராகக் கொடுக்க மனமில்லாத சந்தை, அதையே பரிசு என்று சொல்லிக் கொடுக்கிறது. முழுத் தகடாகவே விற்பதால் துண்டும் மிஞ்சுகிறது. பல வேன் மேடைகள் ஏதோ ஒரு வீட்டுப் படுக்கையறையின் தேக்கு நிறத்தில் இருப்பதற்கு, அங்கே மிஞ்சிய துண்டு இங்கே வந்ததே காரணம்.

கடைசியில் பீடிங்குக்கு அடியிலும் சிங்க் விளிம்பிலும் சிலிகான். அது இறுக ஒரு நாள் ஆகும். அதுவரை மேடையில் தண்ணீர் படக்கூடாது, வண்டியும் நகரக்கூடாது. ஒரு நாள் வியாபாரத்தை விட மனமில்லாமல் அன்று சாயங்காலமே தோசைக்கல்லை ஏற்றுகிறவர்களின் வேன்தான் பழுதுக்கு முதலில் திரும்பி வருகிறது.