எலும்புக்கும் ஒரு கணக்கு உண்டு

மலேசியாவில், புக்கிட் மெர்தாஜாமை அடுத்த ஆல்மாவில் ஓர் அக்கா இருக்கிறார். பினாங்குத் தீவில் ஒரு கால்நடை கிளினிக்கில் பல வருடம் உதவியாளராக இருந்தவர். 2015இல் பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டது என்று அறிவித்துத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். அப்போது கையில் கிடைத்த குட்டிகளுக்கெல்லாம் ஊசி போட்டு வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினார். அதன் பிறகு அவர் வீட்டில் நாய் இல்லாத நாளே கிடையாது. பெரும்பாலானவை பச்சை இறைச்சி தின்று வளர்பவை. டைகர் என்ற நாய்க்குட்டி என்னிடம் வந்து சேர்ந்ததும் நான் போய் நின்றது அவர் வாசலில்தான். டைகரின் தாய் ரோட்வைலர் ஜாடை, தகப்பன் யாரென்று யாருக்கும் தெரியாது.

"சொல்லித் தர்றேன் தம்பி. ஆனா தடுப்பூசி, பூச்சி மருந்து, லைசன்ஸ் மூணையும் முதல்ல முடி. வயித்துல புழு இருக்கிற குட்டிக்கு நீ எதைப் போட்டாலும் புழுதான் கொழுக்கும்."

அந்த மூன்றும் முடிந்த பிறகுதான் பாடம் தொடங்கியது. முதல் பாடம் புக்கிட் மெர்தாஜாம் பழைய டவுனில், பெக் கோங் செங் கோவிலை ஒட்டிய காலை மார்க்கெட்டில். நான் இறைச்சி வாங்கத்தான் போகிறோம் என்று நினைத்திருந்தேன். அக்கா எலும்பு பார்க்க அழைத்துப் போயிருந்தார்.

கோழிக்கடைப் பலகையில் இருந்த ஒவ்வொரு துண்டையும் அவர் எலும்புக் கணக்கில்தான் பேசினார். பாதத்தில் கிட்டத்தட்ட அறுபது சதவீதம் எலும்பு. இறக்கையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. தோலோடு உள்ள கழுத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். முழுக்கோழியில் நாலில் ஒரு பங்கு. இதயமும் இரைப்பையும் வயிற்றுக்குள் இருந்து வந்தாலும் கணக்கில் கறியோடுதான் சேரும். ஈரல் தனிக் கணக்கு. அதில் வைட்டமின் ஏ அதிகம் என்பதால் மொத்தத் தீனியில் ஐந்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஈரலோடு இன்னோர் உறுப்பும் வேண்டும். அதற்கு ஆட்டிறைச்சிக் கடைக்குப் போய்ச் சுவரொட்டி என்கிற மண்ணீரலையோ குண்டிக்காயையோ கேட்டு வாங்க வேண்டும். ஆட்டுக்கறி வாங்கக் கட்டுப்படியாகாத எனக்கு அந்த உறுப்புகள் கட்டுப்படியாயின.

மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது பன்றி இறைச்சி. அதன் முன்னால் அக்கா நிற்கவே இல்லை. பன்றிகளிடம் ஆஜெஸ்கி என்றொரு வைரஸ் நோய் உண்டு. வளர்ந்த பன்றி அதைத் தாங்கிக்கொள்ளும், நாய்க்கு வந்தால் அரிப்பும் வலிப்பும் கண்டு ஓரிரு நாளில் சாவு. "வேக வச்சா கொடு. பச்சையா வேணாம்." மாட்டின் பெரிய கால் எலும்பையும் ஒதுக்கிவிட்டார். மாட்டிறைச்சி எங்கள் வீட்டு வாசல்படி தாண்டாது என்பது அவருக்குத் தெரியும், ஆனால் அவர் சொன்ன காரணம் வேறு. உடல் பாரத்தைத் தாங்கிய எலும்பு கல் மாதிரி இருக்கும், அதைக் கடிக்கப் போய் மேல்தாடையின் பெரிய பல் பிளந்துபோன நாய்களை அவர் கிளினிக்கில் பார்த்திருக்கிறார்.

இரண்டாவது பாடம் தராசு. டைகர் அப்போது ஐந்து கிலோ. இரண்டு மாதக் குட்டிக்கு உடல் எடையில் பத்து சதவீதம் என்று தொடங்குவார்கள். வளர வளர அது குறைந்து, முழு வளர்ச்சியில் இரண்டு மூன்று சதவீதத்தில் வந்து நிற்கும். ஐந்து கிலோவுக்கு ஒரு நாளைக்கு 500 கிராம், நான்கு வேளையாகப் பிரித்து. வளர்ந்த நாய்க்கு எலும்பு பத்து சதவீதம் போதும், குட்டிக்குப் பதினைந்து வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. அப்படியானால் 75 கிராம் எலும்பு. அறுபது சதவீதம் எலும்புள்ள பாதத்தில் அதை எடுக்க 125 கிராம் பாதம் வேண்டும். ஈரல் 25, சுவரொட்டி 25. மீதி 325 கிராம் கறி, இதயம், இரைப்பை. வாரத்தில் ஓரிரு நாள் அந்த இடத்தில் கெம்போங் மீன், முட்டை. கோழிக்கடைக்காரர் எடை போடும்போதே மனசுக்குள் இந்தக் கழித்தல் ஓட வேண்டும் என்பார் அக்கா.

எலும்பில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று எனக்குப் புரிந்தது ஒரு சாயங்காலம். வேறொரு தாமானிலிருந்து ஒரு குடும்பம் நான்கு மாத அல்சேஷன் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. நல்ல பணம் செலவழித்து, எலும்பு தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில், தினமும் எலும்பில்லாத நெஞ்சுக்கறி மட்டும் கொடுத்திருக்கிறார்கள். குட்டியின் முன்னங்கால்கள் வளைந்திருந்தன. தொட்டால் கத்தியது. அக்கா தொட்டுப் பார்த்ததோடு சரி, உடனே எக்ஸ்ரே எடுக்க மருத்துவரிடம் அனுப்பிவிட்டார்.

அவர்கள் போன பிறகு விளக்கினார். நூறு கிராம் கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கால்சியம் பத்து மில்லிகிராம் அளவுதான். வளரும் குட்டிக்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ அதற்குச் சற்று மேலாகவோ இருக்க வேண்டும். உணவில் கிடைக்காவிட்டால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சும்மா இருக்காது. ரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்று எலும்பிலிருந்து உருவி எடுத்துக் கொடுக்கும். கறி தின்னத் தின்ன எலும்பு மெலியும். கூடினாலும் ஆபத்துதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு மிஞ்சிய கால்சியத்தை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது, வந்ததையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். பெரிய சாதிக் குட்டிகளில் அதுவே மூட்டையும் எலும்பு வளர்ச்சியையும் கெடுக்கும். "சத்துன்னு நெனச்சு அள்ளிப் போடுறதும் ஒன்னுதான், பயந்து எடுத்துடுறதும் ஒன்னுதான்" என்றார்.

மூன்றாவது பாடம் கையில். கோழிக்கழுத்தை முதன்முதலாகக் கொடுக்கும்போது தரையில் போடக்கூடாது. ஒரு முனையை நாம் பிடித்துக்கொள்ள, குட்டி மறுமுனையைக் கடைவாயில் வைத்து நொறுக்கப் பழக வேண்டும். சின்னத் துண்டாக வெட்டிப் போட்டால் அப்படியே விழுங்கும். வாயைவிடப் பெரிய துண்டுதான் பாதுகாப்பு. பாதத்தின் நகங்களை வெட்டிவிட வேண்டும். தின்று முடிக்கும்வரை பக்கத்தை விட்டு நகரக்கூடாது, போன் பேசக்கூடாது. வேகவைத்த எலும்பு எந்த நாளும் கிடையாது. பச்சை எலும்பு வளைந்து நொறுங்கும், வெந்தது ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

மறுநாள் காலையில் தேர்வுத்தாள் தோட்டத்தில் கிடக்கும். வெள்ளையாகப் பொடிந்தால் எலும்பு அதிகம், கருமையாக இளகிப் போனால் ஈரல் அதிகம் அல்லது எலும்பு போதாது. கட்டியாக, சின்னதாக, எடுத்தால் கையுறையில் ஒட்டாமல் வந்தால் நேற்றைய கணக்கு சரி. எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. அக்காவோ டைகரின் மலத்தை நான் போனில் படம் எடுத்து அனுப்பாத நாள்களில் கோபித்துக்கொண்டார்.

பழைய கேள்வி ஒன்றையும் நான் கேட்காமல் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி லயத்து நாய்களுக்கெல்லாம் சோறும் நெத்திலியும்தான் போட்டார். அவை செத்தா போயின? அக்கா சிரித்துக்கொண்டே, பாட்டி சொன்னதில் பாதி நியாயம் உண்டு என்றார். மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான், நாய்களிடம் நான்கிலிருந்து முப்பதுவரை இருக்கிறது என்று 2013இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. மனிதரோடு சேர்ந்து வாழ்ந்து சோறு செரிக்கப் பழகிய மிருகம் நாய். நாய் என்றால் ஓநாய், ஆகவே பச்சைக்கறிதான் இயற்கை என்று பேசுகிறவர்களை அக்காவுக்குப் பிடிக்காது. பாட்டி சோற்றில் அவர் ஒத்துக்கொள்ளாதது குழம்பைத்தான். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

அவர் இந்த முறையைக் கற்றது ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993இல் எழுதிய புத்தகத்திலிருந்து. ஆனால் எனக்குப் படிக்கக் கொடுத்ததில் எதிர்ப்பக்கம்தான் கனமாக இருந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இலேயே பச்சை இறைச்சி கொடுப்பது வேண்டாம் என்று கொள்கை வகுத்துவிட்டது. அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் விற்பனைக்கு வரும் 196 பச்சைத் தீனி மாதிரிகளைச் சோதித்தபோது 15இல் சால்மொனெல்லா கிருமியும் 32இல் லிஸ்டீரியா கிருமியும் இருந்தன. 2013இல் டேவிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் வீட்டில் தயாரிக்கும் நாய் உணவுக்கான 200 செய்முறைகளை ஆராய்ந்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவதோர் அத்தியாவசியச் சத்து குறைந்திருந்தது. துத்தநாகம், வைட்டமின் டி, வைட்டமின் ஈ என்று பட்டியல் போகும். எங்கள் கோழியும் தராசும் அந்த 95க்குள் விழாது என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. அதனால்தான் அக்கா டைகரின் தீனிப் பட்டியலை எழுதி மருத்துவரிடம் காட்டி, விடுபட்டதை மருந்தாகச் சேர்க்க வைத்தார்.

கிருமி விஷயம் அதைவிடச் சிக்கல். சால்மொனெல்லா நாயை ஒன்றும் செய்யாமலே அதன் வாயிலும் மலத்திலும் வாழும், வீட்டில் இருக்கும் மனிதரைத்தான் படுக்க வைக்கும். பிரீசரில் வைத்தால் சில ஒட்டுண்ணிகள் சாகும், சால்மொனெல்லா சாகாது, தூங்கும். முப்பது டிகிரியைத் தாண்டும் எங்கள் ஊர் மதியத்தில் தட்டில் விட்ட கறி அதைச் சீக்கிரம் எழுப்பிவிடும். ஆகவே உறைந்த கறியை சிங்கில் வைத்து இளக்கக்கூடாது, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் மூடிய டப்பாவில்தான். கால் மணி நேரத்தில் டைகர் தின்னாததை எடுத்துவிட வேண்டும். கத்தி, பலகை, தட்டு எல்லாம் தனி. முதலில் சோப்பு, பிறகு தண்ணீரில் கலந்த குளோராக்ஸ்.

இவ்வளவையும் நான் வீட்டில் சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வெள்ளிக்கிழமை என்ன செய்வே?" எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. புரட்டாசி முழுக்கச் சைவம். குட்டிக்கு விரதம் வைக்க முடியாது. கடைசியில் அம்மாவே சட்டம் போட்டார். பின்வாசலுக்கு வெளியே ஒரு சின்னப் பிரீசர். அங்கேயே ஒரு குழாய், மேசை, கத்தி, பலகை, துடைக்கும் துணி, வாளி. அங்கிருந்து ஒரு கரண்டிகூடச் சமையலறைக்குள் வரக்கூடாது. நான் கைகால் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். டைகர் தின்று முடித்த பிறகு முகத்தை நக்க விடக்கூடாது.

அக்கா வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். கிளினிக்கில் நாய்க்காரர்களிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதை அம்மா ஒரே நாளில் எழுதாத சட்டமாக்கியிருந்தார். அம்மாவுக்கு அது சாமி அறையைக் காப்பதற்காக. விளைவு ஒன்றுதான்: பச்சைக்கறி தொட்ட எதுவும் மனிதர் சாப்பிடும் இடத்துக்கு வருவதில்லை. வாரத்தில் ஒரு நாளுக்கென்று போட்ட கோட்டை நாங்கள் ஏழு நாளும் தாண்டாமல் இருந்தோம். பச்சை உணவின் பாதுகாப்பு கறியின் தரத்தில் பாதி, இந்தக் கோட்டில் பாதி என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தக் கோடும் போதாத நேரம் ஒன்று வந்தது. தங்கை பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள் என்றதும் அக்கா வேறு பேச்சே பேசவில்லை. "நிறுத்திடு தம்பி. கர்ப்பிணி, கைக்குழந்தை, வயசானவங்க, நோயாளி இருக்கிற வீட்ல பச்சைக்கறி வேணாம்." இவ்வளவு கற்றுக் கொடுத்தவரே நிறுத்தச் சொன்னபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் நிறுத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. எலும்பை எடுத்துவிட்டுக் கறியை வேகவைக்க வேண்டும், உப்பும் மசாலாவும் கூடாது. எலும்பு போன இடத்தில் முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மாவாக அரைத்து, அரைக்கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி. மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல. காலைத் தேர்வுத்தாள் மட்டும் பழையபடியே.

குழந்தைக்கு இப்போது தவழும் வயசு. மறுபடி பச்சைக்கு எப்போது போகலாம் என்று அக்காவிடம் கேட்டேன். "அது தரையில கண்டதை எடுத்து வாயில போடறதை நிறுத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். டைகருக்கு இதில் எந்த வருத்தமும் தெரியவில்லை. வெந்த கோழியையும் அவன் பழைய வேகத்தில்தான் காலி செய்கிறான்.