கோழிக்குஞ்சும் ஒரு வால்வும்

பீளமேட்டுல ஆணி கொஞ்சம் குறையவும், மே மாசம் பல்லடம் பக்கம் மாமாவோட கறிக்கோழிப் பண்ணைக்குப் போனேன். "ராத்திரி மட்டும் பாத்துக்க மாப்ள"ன்னு சொல்லிட்டு அவர் ஒரு எழவு வீட்டுக்குக் கிளம்பிட்டார். தண்ணி லைனைக் கழுவ மூடின வால்வைத் திறக்க மறந்து நான் தூங்கிட்டேன். விடிஞ்சதும் திறந்துவிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை.

ரெண்டு நாள்ல குஞ்சுங்க சாக ஆரம்பிச்சுது. டாக்டர் ஒண்ணை அறுத்துக் காட்டினார். இதயத்து மேல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை. யூரிக் அமிலமாம்.

பறவைங்க கழிவை யூரிக் அமிலமாத்தான் வெளியேத்துது. ஓட்டுக்குள்ள 21 நாள் அடைஞ்சு கிடக்கிற குஞ்சுக்கு அதுதான் தோது. கரையாம ஓரமாக் கிடக்கும். முட்டைக்குள்ள முதல்ல ஒரு தற்காலிகச் சிறுநீரகம், அப்புறம்தான் நிரந்தரமானது. பொரிஞ்ச பிறகும் அதுல புது நெஃப்ரான்கள் உருவாகிட்டே இருக்கும். நம்ம பாஷையில, பீட்டாவுலயே லைவ் போயிடுது. அந்த நேரத்துல தண்ணி நின்னா, அமிலம் உள்ளேயே படிஞ்சிடும்.

"தீவனத்துலதான் கோளாறு"ன்னு மாமா சண்டைக்குக் கிளம்பினார். அப்பத்தான் வால்வு விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. "சரி உடு, மொதல்ல வந்து சோறு உண்ணு"ன்னார்.

திட்டியிருந்தா சோறு எறங்கியிருக்கும்.

டிஸ்கி: இனிமே வால்வைத் தொட்டா மொபைல்ல அலாரம் வெச்சுக்குவேன்.